பிக்கப் வண்டியில் படுக்கை கட்டக் கொடுக்கிறீர்களா? மைக்கா ஒட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள்

மூலக்கடையிலிருந்து மாதவரம் பக்கம் ஜி.என்.டி. சாலையில் போனால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில்தான் என் பிக்கப்புக்கு ஃபைபர் கேனோபி (பின்தொட்டியை மூடும் கூண்டு) போட்டு, உள்ளே படுக்கை, பேட்டரி, லைட், ஃபேன் எல்லாம் செய்யக் கொடுத்தேன். 2,15,000 ரூபாய் போனது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் ஒன்பது வயது மகள் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் ஒயர் உருகியது. அதை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். ராத்திரி மொட்டைமாடிக்குப் போனால் மணலி ஆலைப் பக்கம் தீக்கொழுந்து எரிவது தெரியும், வானமே செம்மண் நிறத்தில் இருக்கும். எண்ணி நாலு நட்சத்திரம் பார்த்தால் அதிகம். ஜவ்வாது மலைக் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருப்பதைப் பாடத்தில் படித்துவிட்டு மகள் கேட்க ஆரம்பித்தாள். “அப்பா, ஜவ்வாது மலையில நிஜமாவே நிறைய நட்சத்திரம் தெரியுமா?” அதே மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தி வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம் என்று அவரும் சொன்னார். அப்படித்தான் இந்த ஆசை தொடங்கியது.

வண்டி இசுசு வி-கிராஸ், பழையதாக வாங்கியது. முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் சுமார் ஐந்தடி நீளத் தொட்டி. நான் ஐந்தடி எட்டு அங்குலம். காலை மடக்காமல் படுக்க வேண்டுமென்றால் பின்கதவைத் திறந்து அதன்மேல் ஒரு மடக்குப் பலகை நீள வேண்டும், அந்த இடத்தை மூட நல்ல கேன்வாஸ் துணியும் வேண்டும். இதையெல்லாம் நான் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன்.

பட்டறைக்காரர் நன்றாகப் பேசினார். “சார், உங்க வண்டியை என் வண்டி மாதிரி பார்த்துக்கறேன்” என்றார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதியும் கொடுத்தார்: 5 மி.மீ. கனத்தில் ஃபைபர் கேனோபி, தொட்டியில் ஓட்டை போடாமல் கிளாம்ப் வைத்து மாட்டுவது, 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை), 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் பேட்டரி, லைட், ஃபேன், இழுத்து வெளியே விடுகிற அடுப்புத் தட்டு. கடைசியில் “ஆர்.டி.ஓ. வேலை, 15,000” என்று ஒரு வரி. அட்வான்ஸாக 1,20,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். மீதி 95,000 ரூபாயைப் பணமாகத்தான் வேண்டும் என்றார். சரி என்று கொடுத்தேன். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, வண்டி எடுக்கும்போது தருகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

இருபது நாள் என்றது இரண்டரை மாதம் ஆனது. பார்க்க வருகிறேன் என்று போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். “எதுக்கு சார் வெயில்ல அலையறீங்க, ஃபோட்டோ அனுப்பறேன்.” ஃபோட்டோ வரும். எல்லாம் பலகைமேல் மைக்கா தகடு ஒட்டிய பிறகு, ரெக்சின் தைத்த பிறகு எடுத்தவை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மரம் வெறுமனே இருக்கும்போது, ஒயர் ஓடும்போது, கேனோபிக்கு உள்பக்கம் ரெக்சின் ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த ஒரு படம்கூட எனக்கு வரவில்லை. நான் ஏமாந்த இடம் அதுதான்.

வண்டி கைக்கு வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஏறிப் படுத்துப் பார்த்ததும் முதல் குறை தெரிந்தது. சாமான் வைக்க இடம் வேண்டும் என்று கட்டிலை ஓரடிக்கு மேல் உயர்த்திவிட்டிருந்தார். அதற்கு மேல் நாலு அங்குல மெத்தை. உட்கார்ந்தால் தலை இடிக்கிறது. தரையிலிருந்து கூரைவரை மொத்தமே மூன்றேகால் அடிதான் இருக்கும் கூண்டில் கட்டிலை உயர்த்தினால் நிமிர்ந்து உட்கார முடியாது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. உள்ளே கண்ணை எரிக்கிற ஒரு நெடியும் இருந்தது. “புது ஃபைபர் சார், பத்து நாள்ல போயிடும்” என்றார். போகவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் நானும் மகளும் கிளம்பினோம். மனைவிக்கு வேலை இருந்ததால் வரவில்லை. மலையில் பத்து மணிவரை வானம் திறந்திருந்தது. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். பதினொரு மணிக்கு மேல் மழை பிடித்தது. மேலே கேரியர் மாட்டிய போல்ட் துளைகள் வழியாக உள்ளே சொட்ட ஆரம்பித்தது. ஒரு துளைக்கும் சீலன்ட் போடவில்லை. கேனோபிக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே ரப்பர் பீடிங் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஸ்பாஞ்ச் பட்டை, அது தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தது. அவளை நடுவில் இழுத்துப் போட்டு, என் பக்கம் துண்டு விரித்துப் படுத்தேன்.

ஒன்றரை மணி இருக்கும். பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. ஃபேன் நின்றிருந்தது. டார்ச் அடித்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கினால் அடியிலிருந்து மெல்லிய புகை. ஃபேனுக்குப் போகிற சிவப்பு ஒயர் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது. தகரத்தில் ட்ரில் போட்ட துளை வழியாக அதை அப்படியே நுழைத்திருக்கிறார்கள். துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. மலைப் பாதையின் குலுக்கலில் ஒயரின் தோல் அறுந்து தகரத்தைத் தொட்டிருக்கிறது. அதைத் தொட்ட என் விரல் சுட்டது. மகளைத் தூக்கி முன் சீட்டில் போட்டுவிட்டு வந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி டெர்மினலைப் பிடித்து இழுத்தேன். ஸ்பேனர் இல்லாமலே கையோடு வந்துவிட்டது, நட்டை முறுக்கவே இல்லை. அதுவும் அரைகுறை வேலைதான். அன்றைக்கு அந்த அரைகுறைதான் எங்களைக் காப்பாற்றியது.

பேட்டரியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு ஃப்யூஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒயர் தகரத்தைத் தொட்ட நொடியில் ஃப்யூஸ் போயிருக்கும், லைட் அணைந்திருக்கும், அவ்வளவுதான். இருபது முப்பது ரூபாய்ப் பொருள் அது. மொத்த வேலையிலும் ஒரு ஃப்யூஸ்கூட இல்லை.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மனைவியின் சித்தப்பா காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ரிப்பேர் பார்ப்பவர். நாற்பது வருஷமாக மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பும், அதை இறுக்கும் ரெசின் பசையும்தான் அவர் வேலை. வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கூரையில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. நடுவில் ‘பொத் பொத்’. அங்கே ரெக்சினைக் கிழித்தார். உள்ளே மேட்டின் நார் ரெசினில் நனையாமல் வெள்ளையாகவே நின்றது. அப்புறம் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தார், துணி பிசுபிசுவென்று ஒட்டியது. “இது வேகவே இல்ல மாப்பிள. ஹார்டனர கம்மியா ஊத்தி, மழைல வெச்சு இழுத்திருக்கான். இப்டி ஒரு போட்டு செஞ்சா கடலுக்குப் போனவன் திரும்ப மாட்டான்” என்றார். அந்த நெடி ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம், சரியாக இறுகாததால் தொடர்ந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. மூடிய கூண்டுக்குள் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் என் மகள் படுத்திருந்தாள். போல்ட் துளையில் அளந்தால் கனம் 2 மி.மீ.தான்.

அடுத்தது மரம். மழையில் நனைந்த மூலையில் மைக்கா உப்பியிருந்தது. கட்டிலில் ஒரு துண்டை அறுத்து, மனைவி இட்லிக் குண்டானில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டாள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரைக்குத் தகுதியான மரைன் ப்ளை என்றால் 72 மணி நேரம் கொதித்தாலும் அடுக்கு பிரியக்கூடாது. எங்கள் துண்டு அரை மணி நேரத்தில் பழைய புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் அலமாரி செய்கிற சாதாரண ப்ளை. மைக்கா ஒட்டிய பிறகு யார் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒட்டுவதற்கு முன்னால் பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்திருந்தாலே போதும்.

பேட்டரி ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிமேல் ‘லித்தியம்’ என்று புது ஸ்டிக்கர். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எதிரே உள்ள காயலான் கடைத் தராசில் வைத்தோம். பெட்டியைக் கழித்து 27 கிலோ. 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி பத்துப் பதிமூன்று கிலோவுக்கு மேல் இருக்காது. கடைக்காரர் லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஆசிட் பேட்டரி சார், உள்ள தண்ணி ஆடுது பாருங்க” என்றார். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய பழையது. மல்டிமீட்டர் இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும்போது லித்தியம் 13.3 வோல்ட் பக்கம் காட்டும், ஆசிட் 12.7 பக்கம். பணம் போனதைவிட இதில் எனக்கு வேறு பயம் இருக்கிறது. ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். அதைக் காற்றுப் போக்கு இல்லாத கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தோல் உரிகிற ஒயரையும் ஓடவிட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அடுப்புத் தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே இழுக்கிற மாதிரி கேட்டேன், உள்ளேயே நிலையாகப் பொருத்தியிருந்தார். காற்று போக ஒரு துளை கிடையாது. மூடிய கூண்டுக்குள் கேஸ் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. யாரும் எந்தக் குளிரிலும் உள்ளே அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

கிளாம்ப் என்று எழுதிக் கொடுத்தவர் தொட்டி விளிம்பில் எட்டு இடத்தில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார். அறுத்த தகரத்துக்குத் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடுகூட அடிக்கவில்லை. எங்கள் பக்கம் கடல் காற்று எப்படி என்று எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரியும். மூன்றே மாதத்தில் எட்டுத் துளையிலிருந்தும் துரு கோடு கோடாக வழிந்திருக்கிறது.

ஆர்.டி.ஓ. வேலைக்கு வாங்கிய 15,000 ரூபாய்க்கு ஒரு காகிதம்கூட நகரவில்லை. நானே போய் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றினால் உரிமையாளருக்குத்தான் தண்டனை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பட்டறைக்காரர் “நான் பார்த்துக்கறேன்” என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வது நாம். ஓட்டை போடாமல் கழற்றி மாட்டுகிற மாதிரி நான் கேட்டதே இதற்காகத்தான். எந்த மாற்றமானாலும் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டபோது முதல் பத்து நிமிடம் “சார், சார்” என்றார். ப்ளை துண்டை எடுத்து மேஜையில் வைத்ததும் பேச்சு மாறியது. “இன்னா சார், ரெண்டு லட்சத்துக்கு ஃபாரின் வண்டியா கேக்கற?” ஒயரைக் காட்டினேன். நான்தான் கூடுதலாக எதையோ மாட்டிவிட்டேன் என்றார். என் மகள் அதன்மேல் படுத்திருந்தாள் என்று சொன்னேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீஸ் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது, பட்டறை மட்டும் தினமும் திறந்துதான் இருக்கிறது.

இப்போது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், வழி சொல்வார்கள். என் புகாரில் பலமாக நிற்பது அந்த வெள்ளைத்தாளும் ஜிபே பதிவும்தான். பணமாகக் கொடுத்த 95,000 ரூபாயை நிரூபிக்க ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி மட்டுமே இருக்கிறது. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், மொத்தமாகவும் கொடுக்காதீர்கள். ஃபைபர் வேலை முடிந்ததும் ரெக்சினுக்கு முன்னால் ஒருமுறை, ப்ளை அறுத்ததும் மைக்காவுக்கு முன்னால் ஒருமுறை, ஒயர் ஓடியதும் மெத்தைக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய் நின்று பார்த்துவிட்டு அடுத்த பணத்தைக் கொடுங்கள். வர வேண்டாம் என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

அதே சாலையில் யாராவது இதுபோல அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் வழக்குக்கு வலு கூடும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். வாய்தா அடுத்த மாதம். பிரிந்த ப்ளை ஏடுகளையும், கொப்புளித்த ஒயரையும், அந்த ‘லித்தியம்’ ஸ்டிக்கரையும் ஒரு கோணிப்பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். கேனோபியைக் கழற்றியாகிவிட்டது. சித்தப்பா தொட்டியின் எட்டு ஓட்டையையும் அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மகள் மட்டும் வாரம் ஒருமுறை கேட்கிறாள், மறுபடி எப்போது மலைக்குப் போவோம் என்று. தை மாதம் மழை விட்டதும் ஒரு சாதாரணக் கூடாரத்தை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.