வார்கிராஃப்ட்டா, ரூன்ஸ்கேப்பா: தர்மபுரிப் பக்கம் எது ஒத்துவரும்?

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டாக 2004 நவம்பரில் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், 2010-ல் 1.2 கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அதன் பெரிய பலம் மன்னிக்கும் குணம். அதற்கு முந்தைய ஆன்லைன் விளையாட்டான எவர்குவெஸ்ட்டில் செத்தால் அனுபவப் புள்ளி குறையும், சாமான்கள் பிணத்தோடு கிடக்கும். இங்கே ஆவியாக ஓடிப்போய் உடம்பில் ஏறிக்கொள்ளலாம். கவசம் 10% தேயும், ரிப்பேர் செலவோடு சரி. சத்திரத்தில் லாக்-அவுட் செய்து சில நாள் கழித்து வந்தால், கொஞ்ச நேரத்துக்குக் கொல்லும் ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் புள்ளி. வேலைக்குப் போகிறவர்களை இழுத்தது இதுதான்.

இன்னொரு ஆன்லைன் விளையாட்டான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் கறார். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போன்ற ஒரு திறனில் 99-ஆம் லெவலை எட்ட 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-க்கு வந்தாலும் பாதிக் கிணறுதான். ஆனால் ஆட்டம் 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பாக நகர்வதால், பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெகண்ட் ஏறினாலும் மரம் வெட்டுவது தடைபடாது. 2018 முதல் போனிலும் அதே கணக்கு ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்பில் காவல் இருப்பவர் ஒரு கண்ணை வைத்தே ஆட்டத்தில் மீன் பிடிக்கலாம். தொப்பூர் கணவாயில் சிக்னல் போனால் மட்டும் சண்டையில் இருக்காதீர்கள்: துண்டித்தாலும் உங்கள் ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே அடி வாங்குவார்.

வார்கிராஃப்ட்டுக்கு கம்ப்யூட்டரும் எஸ்எஸ்டியில் நூறு ஜிபிக்கு மேல் இடமும் வேண்டும். ஐவர் குழுவில் கரண்ட் போனால் மற்ற நால்வரும் மாட்டுவார்கள். யுபிஎஸ் இல்லாமல் குழுவுக்கு வைத்தியம் பார்க்கும் ஹீலராகப் போகாதீர்கள். 20-ஆம் லெவல் வரை இலவசம், அதற்குள் பிங்கைப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.