பிஹாப்சிம், ரிவர்2டி: எந்த ஆற்றுக்கு எது?

அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டால் கீழே சால்மன், டிரவுட் மீன்கள் பிழைக்கும்? இந்தக் கணக்குக்கு வட அமெரிக்காவில் நெடுநாளாகப் பயன்படுவது பிஹாப்சிம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் உருவாக்கிய மென்பொருள் இது. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ரிவர்2டி கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இரண்டும் இலவசம்.

பிஹாப்சிம் ஆற்றைக் குறுக்குவெட்டுகளாகப் பார்க்கிறது. சில இடங்களில் கரைக்குக் கரை கயிறு கட்டி ஆழத்தையும் வேகத்தையும் அளந்தால் வேலை ஓடும். சிறிய குழுவுக்கு இது பெரிய வசதி. ஆனால் தண்ணீர் நேராகக் கீழ்நோக்கித்தான் போகிறது என்று அது நம்புகிறது. பாறைக்குப் பின்னால் சுழலும் நீர், மணல்திட்டைச் சுற்றிப் பிரியும் கிளை எல்லாம் அதற்குப் பிடிபடாது. மீன் குஞ்சுகள் ஒதுங்குவதோ பெரும்பாலும் அங்கேதான்!

ரிவர்2டி ஆற்றுப்படுகை முழுவதையும் முக்கோண வலையாக்கி, ஓட்டத்தின் வேகத்தோடு திசையையும் கணக்கிடுகிறது. விலை உழைப்பில்தான்: படுகையின் மேடுபள்ளங்களை நெருக்கமாக அளந்தாக வேண்டும். அதில் சோம்பினால் படம் அழகாக வரும், விடை தப்பாக வரும்.

அப்புறம் இரண்டுமே ஆழம், வேகம், அடித்தளம் (மணலா, சரளையா, பாறையா) ஆகியவற்றுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, மீனுக்கு ஏற்ற பரப்பைச் சொல்கின்றன. மீன் எண்ணிக்கையை அல்ல. எந்த ஆழத்துக்கு, எந்த வேகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டும் வளைவை வேறொரு ஆற்றிலிருந்து எடுத்து ஒட்டினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

நேரான, ஒற்றை ஓட்டமுள்ள நீண்ட ஆறு என்றால் பிஹாப்சிம் போதும். கிளை பிரியும் ஆறு, முட்டையிடும் சரளைத் திட்டு என்றால் நான் ரிவர்2டி பக்கம்தான்.