ஆர்விஜி சென்சாரா, பாஸ்பர் பிளேட்டா? பல் கிளினிக் தொடங்குபவர்களுக்கு ஓர் அலசல்

புதிதாகக் கிளினிக் போடும் பல் மருத்துவர்கள் நாற்காலி, கம்ப்ரசர், ஆட்டோகிளேவ் எல்லாம் முடிவான பிறகு தடுமாறி நிற்கும் இடம் ஒன்று உண்டு: எக்ஸ்ரேயை டிஜிட்டலாக எடுக்க எதை வாங்குவது? வழி இரண்டு. ஒன்று, வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்ததுமே கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டும் சென்சார். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம்மூரில் அதற்கு ஆர்விஜி என்றே பெயர். இன்னொன்று, பழைய ஃபிலிம் போலவே மெல்லிதாக இருக்கும் பாஸ்பர் பிளேட். எடுத்து முடித்த பிறகு அதை ஒரு ஸ்கேனருக்குள் விட்டுப் படத்தைப் பெற வேண்டும்.

விற்க வருபவர்கள் ரெசல்யூஷனைப் பற்றியே பேசுவார்கள். உங்கள் நாற்காலியில் நாள் முழுக்க எந்த வேலை நடக்கப்போகிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. ரூட் கேனால் அதிகமா, குழந்தைகள் அதிகமா, ஒரு நாற்காலியா நாலு நாற்காலியா: முடிவு இதில்தான் இருக்கிறது.

ஆர்விஜியை உருவாக்கியவர் பிரான்சில் துலூஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஃபிரான்சிஸ் மூயென். ட்ரோஃபி என்ற பிரெஞ்சு நிறுவனம் 1987இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சென்சாருக்குள் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் ஒரு படலமும், அந்த ஒளியைப் படிக்கும் சிப்பும் இருக்கின்றன. கேமராவில் இருப்பதைப் போன்ற சிப்தான். இப்போது பெரும்பாலும் சிமாஸ் (CMOS) வகை. பல் மருத்துவத்துக்கான பிளேட் முறை 1994இல் பின்லாந்திலிருந்து டிகோரா என்ற பெயரில் வந்தது. பிளேட்டில் பூசியிருக்கும் யூரோப்பியம் கலந்த பேரியம் சேர்மம் எக்ஸ்ரேயின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரின் சிவப்பு லேசர் பட்டதும் அதை நீல ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியின் அளவைப் படித்துத்தான் படம் உருவாகிறது. பிளேட்டைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகும் நல்லது கெட்டது பலவும் இந்தக் குணத்திலிருந்து வருபவை.

ஃபிலிமையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். படம் தெளிவாகவே இருக்கும், முதலீடும் குறைவு. ஆனால் டெவலப்பர் கெட்டால் படமும் கெடும், ஈயத்தகட்டையும் வெள்ளி கலந்த கரைசலையும் கழிவு விதிகளின்படி முறையாக அகற்ற வேண்டும், படத்தைப் பேஷண்டிடம் விளக்கிச் சொல்வதும் சிரமம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ரூட் கேனால் நடுவில்

மேல் முதல் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன்னப்பக்க முன்வேரில் பெரும்பாலும் இரண்டாவது கேனால் ஒன்று ஒளிந்திருக்கும். எம்பி-டூ என்று நாம் சொல்வது அதைத்தான். மரத்துப்போக ஊசி போட்டு, ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விடும் ரப்பர் விரிப்பு) மாட்டி, ஃபைல்களை (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிகளை) உள்ளே வைத்து எக்ஸ்ரேயில் நீளம் பார்க்கிறீர்கள். நேராக எடுத்த படத்தில் இரண்டு ஃபைலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடாகத் தெரிகிறது. எக்ஸ்ரே டியூபை மீசியல் பக்கம், அதாவது முன்பற்கள் பக்கம், 20 டிகிரி போலத் திருப்பி இன்னொன்று எடுத்தால் இரண்டும் பிரியும். டியூப் போன பக்கமே நகர்வது அண்ணப்பக்கத்து ஃபைல். எதிர்ப்பக்கம் நகர்வது கன்னப்பக்கத்து ஃபைல்.

சென்சார் வைத்திருந்தால் இதற்கு ஆகும் நேரம் டியூபைத் திருப்பும் நேரம் மட்டும்தான். சென்சார் வாய்க்குள் அதே இடத்தில் இருக்கிறது, முதல் படம் திரையில் வந்துவிட்டது, கோணத்தை மாற்றி அடுத்ததை எடுக்கிறீர்கள். வேர்நுனி வெட்டுப்பட்டிருந்தால் அப்போதே தெரியும், அங்கேயே சரிசெய்யலாம். பிளேட்டில் இதையே செய்து பாருங்கள். டேமுக்கு அடியிலிருந்து பிளேட்டை எடுக்க வேண்டும், உறையைக் கிழிக்க வேண்டும், வெளிச்சம் படாமல் ஸ்கேனருக்குள் விட வேண்டும், படம் வந்ததும் குறை தெரிய வேண்டும், பிறகு புதுப் பிளேட்டை உறையிலிட்டு வைக்க வேண்டும். அதற்குள் முதலில் வைத்த இடம் தவறிப்போயிருக்கும். வாயைத் திறந்து வைத்திருப்பவருக்குத் தாடை வலிக்க ஆரம்பித்திருக்கும். நீளம் பார்க்க ஒன்று, மாஸ்டர் கோன் (கேனாலை அடைக்கும் முக்கியக் குச்சி) வைத்து ஒன்று, அடைத்தபின் ஒன்று என்று ஒரே பல்லுக்கு நாலைந்து படம் எடுக்கும் வேலையில் இந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் வரும். ரூட் கேனால்தான் உங்கள் கிளினிக்கின் சோறு என்றால் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம், சென்சாரை வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் சென்சாரிடம் எதிர்பார்க்காதீர்கள். நம்பர் 8, 10 ஃபைல்களின் நுனி அவ்வளவு மெல்லியது (10ஆம் நம்பர் நுனியின் விட்டம் 0.1 மி.மீ.தான்), எந்த டிஜிட்டல் படத்திலும் அதை நம்பி நீளம் சொல்ல முடியாது. 15ஆம் நம்பர் வைத்து எடுங்கள், வேர்நுனி எங்கே என்று மின்சாரத்தால் அளந்து காட்டும் அபெக்ஸ் லொக்கேட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாய்க்குள் வைக்கும்போது

இங்கே பிளேட் முந்துகிறது, அதுவும் சிறிய வித்தியாசத்தில் இல்லை. சென்சாரின் தடிமன் சில மில்லிமீட்டர், வளையவே வளையாது, பின்னால் வயர் வேறு. மேல் ஞானப்பல்லுக்குப் பின்னே கொண்டுபோனால் பலருக்குக் குமட்டும். கீழ்த்தாடையின் உட்புறம் எலும்புப் புடைப்பு இருப்பவர்களுக்கு அதன் ஓரம் அழுத்தி வலிக்கும். அளவு இரண்டு (பெரியவர்களுக்கான வழக்கமான சைஸ்) என்று சொன்னாலும் படம் பதியும் பரப்பு அதே அளவு ஃபிலிமைவிடக் குறைவு, ஏனென்றால் சுற்றிலும் உறையும் விளிம்பும் இடத்தைத் தின்றுவிடுகின்றன. கோரைப்பல்லின் நீள வேர்நுனி விட்டுப்போவது இதனால்தான்.

ஐந்து வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அழுதுகொண்டே வந்திருக்கிறது, அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஜீரோ சைஸ் பிளேட்டை நாக்குக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு ஒத்துழைக்கும். தடித்த சென்சாரை வைத்தால் துப்பிவிடும், இல்லையென்றால் கடித்துவிடும். கடிபட்ட வயரின் செலவு உங்கள் தலையில். குழந்தைப் பல் மருத்துவம் செய்பவர்கள் பிளேட்டை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆக்ளூசல் படம் (பற்களுக்கு நடுவே கடித்துப் பிடிக்க வைத்து எடுக்கும் பெரிய படம்) எடுக்க வேண்டுமென்றாலும் பிளேட்தான் கைகொடுக்கும். நான்காம் சைஸ், 57க்கு 76 மி.மீ. அளவில் பிளேட் கிடைக்கும், வாய்க்குள் வைக்கும் சென்சாரில் அந்த அளவு கிடையாது.

படத்தின் தரமும் கதிரின் அளவும்

படத்தின் கூர்மையை ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோட்டு ஜோடிகள் பிரிந்து தெரிகின்றன என்று அளப்பார்கள். சென்சார் இதில் பிளேட்டைவிட மேலே. ஆனால் லென்ஸ் இல்லாமல் பார்க்கும் மனிதக் கண்ணால் ஏறக்குறைய 6 ஜோடிகள்வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். பல் இடுக்குச் சொத்தையைக் கண்டுபிடிப்பதில் ஃபிலிம், சென்சார், பிளேட் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதே ஆய்வுகள் பொதுவாகக் காட்டிவந்திருப்பது. ஆகவே கேட்டலாக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்று வாங்கி, நேர் வெளிச்சம் விழாத இடத்தில் வையுங்கள்.

கதிரின் அளவில்தான் எனக்கு உண்மையான கவலை. சென்சாரில் கதிர் கூடிப்போனால் படம் கருத்துப்போய் ஓரங்கள் கரைந்துவிடும்; தவறு உடனே கண்ணில் படும். பிளேட் அப்படி இல்லை. கதிர் கூடினாலும் மென்பொருள் சமன்செய்து அழகான படமாகவே காட்டும். குறைவாகக் கொடுத்தால் படம் பொரிபொரியாக வரும். அதனால் டைமரைக் கொஞ்சம் கூட்டி வைப்பது கைப்பழக்கமாகிவிடுகிறது, அதைச் சொல்ல ஆளில்லை. பேஷண்டுக்குத் தேவையில்லாத கதிர் போய்க்கொண்டே இருக்கும். பிளேட் வாங்குபவர்கள் முதல் நாளே பெரியவர், குழந்தை, முன்பல், பின்பல் என்று நேரங்களைக் குறித்து மெஷின் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். சென்சார் வாங்குபவர்களுக்கு வேறு ஒரு கவனம் வேண்டும்: பழைய எக்ஸ்ரே மெஷின்களின் டைமர் சென்சாருக்குத் தேவையான அளவு கீழே இறங்காது. மெஷின் பழசாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரலாம். எதை வாங்கினாலும் எக்ஸ்ரே மெஷினை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவு செய்வது கட்டாயம்.

தேய்மானம்

சென்சார் ஒரே அடியில் போகும், பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சென்சாரில் பெரும்பாலும் முதலில் பழுதாவது வயர் சென்சாரோடு சேரும் இடம். ஸ்லீவை (மேலே போடும் பிளாஸ்டிக் உறையை) உருவும்போது வயரைப் பிடித்து இழுக்கும் அசிஸ்டென்ட் ஒருவர் போதும். சென்சாரை ஆட்டோகிளேவில் போட முடியாது, ஒவ்வொருவருக்கும் புது ஸ்லீவ், பிறகு துடைப்பு, அவ்வளவுதான். பழுதானால் அன்று கிளினிக்கில் எக்ஸ்ரேயே இல்லை. பிளேட்டில் பல்தடமும் கீறலும் விழும். வெள்ளைக் கோடுகளாகப் படத்தில் தெரியும். அந்தப் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். ஆனால் மாதந்தோறும் உறைக்கும், அவ்வப்போது புதுப் பிளேட்டுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். பிளேட்டைத் திருப்பி வைத்துவிட்டால் வலம் இடமாக மாறிப் படம் வரும் அபாயமும் உண்டு. ஃபிலிமில் ஈயத்தகட்டின் தடம் விழுந்து காட்டிக்கொடுக்கும். பிளேட்டில் அதற்கென்று ஒரு குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல்லைப் பிடுங்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

கம்ப்யூட்டர் பக்கம்

வாங்கும்போது யாரும் கேட்காதது, பிறகு எல்லோரும் திண்டாடுவது இங்கேதான். ஒவ்வொரு சென்சாருக்கும் அதன் சீரியல் நம்பருக்கே உரிய ஒரு கேலிப்ரேஷன் ஃபைல் (அதன் படத்தைச் சரிப்படுத்தும் கம்ப்யூட்டர் கோப்பு) உண்டு. கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தாலோ மாற்றினாலோ அது இல்லாமல் சென்சார் ஒழுங்காக வேலை செய்யாது. இன்ஸ்டால் செய்ய வருபவர் போவதற்குள் அந்த ஃபைலைப் பென்டிரைவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று காப்பி எடுத்து வையுங்கள். யூஎஸ்பி 2.0 வயரின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கம்ப்யூட்டரை ரிசப்ஷனில் வைத்து நீள வயர் இழுக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். பிளேட் ஸ்கேனருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு மூலையில் அது இருக்கும், நாலு நாற்காலியிலிருந்தும் பிளேட் வரும், படம் நெட்வொர்க்கில் போகும். பல நாற்காலி உள்ள இடத்தில் பிளேட் மலிவாக முடிவது இதனால்தான்.

மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமில் படத்தை வெளியே எடுக்க முடியுமா என்பதை இரண்டிலும் கேளுங்கள். சில மென்பொருள்கள் தம் சொந்த வடிவில் மட்டுமே சேமிக்கும். பத்து வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய படங்கள் திறக்காது. ஸ்பெஷலிஸ்டுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள், பேஷண்டின் சம்மதத்தோடு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கிளினிக்குகளுக்கும் பொருந்தும்.

நாற்காலி ஒன்று, ரூட் கேனால் முக்கிய வேலை என்றால் என் தேர்வு சென்சார்தான், ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஒன்றாம் சைஸ். பெரிய வாய்க்குக் கொஞ்சம் போதாது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவில்லாமல் உள்ளே போகும். மூன்று நாற்காலிக்கு மேல், அல்லது குழந்தைகள் அதிகம் என்றால் பிளேட். வசதி வந்தபின் ரூட் கேனால் செய்யும் அறைக்கு மட்டும் ஒரு சென்சார் சேர்த்துக்கொள்ளலாம். டெமோ காட்ட வருபவரிடம் முன்பல்லை எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது எதிலும் நன்றாக வரும். உங்கள் மெஷினிலேயே, எக்ஸ்ரே தேவைப்படும் ஒரு பேஷண்டின் மேல் கடைவாய்ப்பல்லை எடுக்கச் சொல்லுங்கள். வேர்நுனி முழுசாகப் படத்துக்குள் விழுந்ததா, அவருக்குக் குமட்டியதா என்று பாருங்கள். பழுதானால் மாற்றுச் சென்சார் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.