ஐபோன் காணொளிகளைக் கணினிக்குக் கொண்டுவர ஒரு பைதான் கருவி: பைமொபைல்டிவைஸ்3 பற்றி

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில், சிவன் காமனை எரித்த கதையைச் சொல்லி மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தை நான் மூன்று வருடங்களாகக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வருகிறேன். இம்முறை காமன் தகனம் முடிந்த விடியற்காலையில் என் 128 ஜிகாபைட் ஐபோனில் 212 காணொளிகள் இருந்தன. அவை மட்டும் ஏறத்தாழ 96 ஜிகாபைட்டைப் பிடித்திருந்தன. ஐகிளவுட்டில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிகாபைட் இதற்கு ஒரு மூலைக்கும் காணாது. என்னிடம் மேக் கணினியும் இல்லை. விண்டோஸ் நிறுவிய பழைய மடிக்கணினியும் வெளி வன்தட்டு ஒன்றும்தான் உண்டு. இந்த நிலையில் இரண்டு மாதங்களாகப் பைமொபைல்டிவைஸ்3 என்ற, பைதான் நிரல்மொழியில் எழுதப்பட்ட கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். மூலக்கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் வர வேண்டும், ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இலவசக் கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளைச் சாளரத்தில் பழக்கமில்லாத ஒருவர் துணைக்கு ஆளில்லாமல் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கடந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது பதிவுகளை நகரத்துக் கடையொன்றில் கொடுத்து வன்தட்டில் ஏற்றிக்கொண்டேன். கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்து, தொலைபேசியில் இருந்தவற்றை நானே அழித்தும் விட்டேன். சில வாரங்கள் கழித்து, கூத்து பழக்கும் வாத்தியார் ஐயா, "தம்பி, ரதி ஒப்பாரி வைக்கிற இடம் முழுசா இருக்குதா? பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்று கேட்டார். திறந்து பார்த்தபோது அந்தக் காணொளி 14ஆவது நிமிடத்தில் உறைந்து நின்றது. பாதியில் அறுந்த பிரதி அது. அந்த வருடம் ரதி வேடமிட்டவர் இப்போது கொழும்பில் வேலை செய்கிறார். அந்தக் குரலில் அந்த ஒப்பாரியை இனிக் கேட்க முடியாது. ஆகவே, எடுத்த பிரதி சரியானதா என்பதை நிரூபிக்க எது வழிவிடுகிறது என்ற ஒரே கேள்வியோடுதான் இந்த வருடம் கருவி தேடினேன்.

பைமொபைல்டிவைஸ்3 முழுவதும் பைதானில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் எந்த நெறிமுறைகளில் தொலைபேசியோடு பேசுகிறதோ அதே நெறிமுறைகளில் இதுவும் பேசுகிறது. ஆப்பிள் விதித்த கட்டுப்பாடுகளை உடைக்கும் ஜெயில்பிரேக் தேவையில்லை. நமக்கு வேண்டியது ஏஎஃப்சி எனப்படும் ஆப்பிள் ஃபைல் காண்டியூட் என்ற சேவை ஒன்றுதான். அது தொலைபேசியின் ஊடகப் பகுதியை மட்டும் திறந்து காட்டும், மற்றச் செயலிகளின் தரவுகளுக்குள் போகாது. விண்டோஸில் ஆப்பிளின் இயக்கி மென்பொருள் முன்னரே இருக்க வேண்டும் என்பதால் ஐடியூன்ஸையோ ஆப்பிள் டிவைசஸ் செயலியையோ நிறுவிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் அந்த வேலையை யுஎஸ்பிமக்ஸ்டி என்ற பின்னணி மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கேபிளை முதன்முறை இணைக்கும்போது இந்தக் கணினியை நம்பலாமா என்று தொலைபேசி கேட்கும். அனுமதித்துக் கடவு இலக்கத்தையும் கொடுத்தால் இணைப்பு உருவாகிவிடும்.

பைதான் பொதிகளை இறக்கி நிறுவும் பிப் என்ற கட்டளை மூலம் இதை நிறுவுவது ஒரே வரிதான். எனினும் இது தன்னோடு வேறு பல பைதான் பொதிகளையும் சேர்த்து இறக்கும். எங்கள் தோட்டப் பிரிவில் மழை மூடினால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. முதல் முயற்சி பாதியில் நின்றது. அதன்பின் ஹட்டனில் உள்ள நண்பர் வீட்டில் பிப்பின் டவுன்லோட் கட்டளையால் எல்லாப் பொதிகளையும் ஒரு பென் டிரைவில் சேமித்து வந்து, இணையமே இல்லாமல் நிறுவினேன். இரண்டு கணினிகளிலும் பைதான் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருந்தால் இது சிக்கலின்றி நடக்கும்.

உள்ளே பார்த்தால் எல்லாம் டிசிஐஎம் என்ற கோப்புறையின் கீழ் 100ஆப்பிள், 101ஆப்பிள் என்று வரிசையாக இருக்கும். முழுக் கோப்புறையையும் ஒரே கட்டளையில் இழுத்துக்கொள்ளலாம். பலருக்கு அதுவே போதும். என் தொலைபேசியின் லைட்னிங் கேபிள் யுஎஸ்பி 2.0 வேகத்தில், அதாவது ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட்டில் இயங்குவது. நடைமுறையில் அதில் பாதிதான் கிடைத்தது. 96 ஜிகாபைட்டும் வந்து சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. வேகத்தில் எனக்குக் குறையில்லை.

ஆனால் இந்தக் கருவியின் உண்மையான பலம் கட்டளைகளில் இல்லை. நாமே எழுதும் சிறு நிரலுக்குள், அதாவது ஸ்கிரிப்டுக்குள், இதை ஒரு நூலகமாக (ஆயத்த நிரல்களின் தொகுப்பாக) அழைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் இருக்கிறது. நான் எழுதியது 80 வரிக்கும் குறைவு. தொலைபேசியில் உள்ள ஒவ்வொரு காணொளியின் அளவையும் முதலில் கேட்டு ஒரு பட்டியல் எழுதிவைக்கிறது. பிறகு கோப்பை 4 மெகாபைட் துண்டுகளாகப் படித்து, வன்தட்டில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதுகிறது. எழுதும்போதே ஷா256 கைரேகையையும், அதாவது கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் ஓர் அடையாள எண்ணையும், கணித்துக்கொள்கிறது. கடைசித் துண்டு வந்து, மொத்த அளவு தொலைபேசி சொன்ன அளவோடு பொருந்தினால்தான் தற்காலிகப் பெயர் உண்மைப் பெயராக மாறும். இந்தச் சிறிய ஏற்பாட்டின் அருமை, பிரதி எடுத்துக்கொண்டிருந்த மாலை ஒன்றில் மின்சாரம் போனபோது புரிந்தது. தனி மின் இணைப்புள்ள என் வன்தட்டு அந்தக் கணமே நின்றுவிட்டது. மின்சாரம் வந்ததும் ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டினேன். முடிந்த 131 கோப்புகளைத் தாண்டி, அரைகுறையாக நின்ற ஒன்றை மட்டும் அழித்துவிட்டு அங்கிருந்தே அது தொடர்ந்தது. கடந்த வருடத்து உறைந்த காணொளியைப் போல ஒரு பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரில் இனி என் வன்தட்டில் உட்கார முடியாது.

கைரேகையைச் சரிபார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எழுதி முடித்த உடனேயே கோப்பைத் திரும்பப் படித்தால், கணினி பெரும்பாலும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே கொடுக்கும். வன்தட்டில் உண்மையில் என்ன எழுதப்பட்டது என்பது அதில் தெரியவராது. ஆகவே வன்தட்டை முறையாகக் கழற்றி, மறுபடி இணைத்து, அதன்பிறகே சரிபார்ப்பை ஓட்ட வேண்டும். 212 கோப்புகளின் கைரேகைகளும் பொருந்தின என்ற வரியைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்தது தேதிகள். கோப்புகளின் பெயர்களில் வெறும் தொடரிலக்கம்தான் இருக்கும். எது எந்த இரவில் எடுத்தது என்று தெரியாது. அந்தத் தகவல் போட்டோடேட்டா என்ற கோப்புறையில் போட்டோஸ்.எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. இதையும் ஏஎஃப்சி வழியாகவே பிரதி எடுக்கலாம். அதன் அருகில் வால் (wal) என்ற பின்னொட்டோடு இருக்கும் துணைக்கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியாக எடுத்த பதிவுகள் பட்டியலில் வராமல் போகலாம். இங்கே நான் தடுக்கி விழுந்தேன். ஆப்பிள் தன் நேரத்தை 2001 ஜனவரி 1இலிருந்து நொடிகளாக எண்ணுகிறது; பைதான் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. அதைக் கவனியாமல் ஓட்டியதில் 2025 மார்ச்சில் எடுத்த கூத்து 1994 மார்ச்சுக்குப் போய்விட்டது. 97,83,07,200 நொடிகளைக் கூட்டிய பிறகு ஆண்டு சரியாயிற்று.

ஆண்டு சரியான பிறகும் நேரம் பொருந்தவில்லை. தரவுத்தளம் உலகப் பொது நேரத்தைச் சொல்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 1.40க்கு எடுத்த ரதியின் ஒப்பாரி முந்தைய நாள் 20.10 என்று காட்டப்பட்டது. இலங்கை நேரத்துக்கு மாற்றினால் வேறொரு சங்கடம் எழுந்தது: ஒரே இரவின் கூத்து நள்ளிரவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு தேதிகளின் கோப்புறைகளுக்குப் போனது. கூத்தாடுகிறவர்களின் கணக்கிலோ தப்பு என்ற பறையை அடித்துத் தொடங்கியதிலிருந்து விடியும் வரை ஒரே இரவு. எனவே கோப்பின் பெயரில் இலங்கை நேரத்தையும், கோப்புறையின் பெயரில் அந்த இரவு தொடங்கிய தேதியையும் வைத்தேன். காலை 6 மணிக்கு முந்தையவை யாவும் முந்தைய நாளின் கோப்புறைக்குச் செல்லும். இப்படி நம் ஊர் வழக்கத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் வசதி பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் எந்தச் செயலியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தொலைபேசியில் வெட்டிச் சுருக்கிய காணொளிகளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். டிசிஐஎம் கோப்புறையில் இருப்பது வெட்டுவதற்கு முந்தைய மூலம்; வெட்டிய வடிவம் போட்டோடேட்டாவின் கீழ் மியூட்டேஷன்ஸ் என்ற கோப்புறையில் தனியாக இருக்கும். எனக்கு மூலமே வேண்டும் என்பதால் இது நன்மையாகவே முடிந்தது. நான் அவசரத்தில் வெட்டியெறிந்த ஆறு நிமிடத் தப்பு வாசிப்பொன்று திரும்பக் கிடைத்தது. திருத்திய வடிவத்தை எதிர்பார்ப்பவர் இதை அறியாவிட்டால் குழம்புவார். லைவ் போட்டோ எடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒவ்வொரு படத்தோடும் மூன்று நொடிக் காணொளி ஒன்றும் வந்து குவியும். அதே பெயரில் படக்கோப்பு பக்கத்தில் இருந்தால் தவிர்க்குமாறு ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை போட்டால் போதும். ஐகிளவுட் போட்டோஸை இயக்கி, சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் தெரிவையும் வைத்திருப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்: அவர்களுடைய சில மூலக்கோப்புகள் தொலைபேசியிலேயே இருக்காது. இந்தக் கருவி இல்லாத கோப்பைக் கொண்டுவராது. அது இல்லை என்று தானாக எச்சரிக்கவும் செய்யாது. தரவுத்தளப் பட்டியலையும் கையில் வந்த கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வெளிச்சத்துக்கு வரும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். கருவியின் விளக்கக் குறிப்புகள் மென்பொருள் எழுதுவோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காணொளி எடுக்க வந்தவருக்குத் தேவையான பகுதி அதில் மிகச் சிறியது. தொலைபேசி பூட்டிய நிலையில் இருந்தால் வரும் பிழைச் செய்தி நீண்ட பைதான் வரிகளாகத் திரையை நிறைக்கும். பூட்டைத் திறந்தால் தீரும் விஷயம் என்று அதிலிருந்து ஊகிப்பது கடினம். கருவியின் புதிய பதிப்பில் பழைய ஸ்கிரிப்ட் ஓடாமல் போகலாம் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் கருவியின் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பைக் குறித்துவைத்து, அதையே நிறுவிக்கொள்வது நல்லது. கருவியின் குறையல்லாத ஒன்றும் உண்டு: வன்தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. 4கே தரத்தில் நொடிக்கு 30 சட்டகம் வீதம் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 மெகாபைட் ஆகும். 25 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிய பிறகே நான் வேலையைத் தொடங்கினேன்.

மேக் வைத்திருப்பவர்கள், அதன் போட்டோஸ் நூலகத்தைப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட ஓஎஸ்எக்ஸ்போட்டோஸ் என்ற பைதான் கருவியைப் பார்க்கலாம். ஆல்பங்களையும் திருத்திய வடிவங்களையும் அது தானே கவனித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கு, கணினியிலிருந்து அதனோடு பேசும் ஏடிபி கட்டளையைப் பைதானிலிருந்து அழைத்தாலே போதும்.

நான் இரண்டாவது வன்தட்டிலும் ஒரு பிரதி எடுத்து, அதன் கைரேகைகளையும் பொருத்திப் பார்த்த பிறகே தொலைபேசியில் இருந்தவற்றை நீக்கினேன். நீக்கியவை 30 நாட்கள் வரை அண்மையில் நீக்கியவை என்ற ஆல்பத்தில் இருக்கும் என்பதால், அந்த நாட்களுக்குள் வாத்தியார் ஐயாவை வீட்டுக்கு அழைத்து, ஒப்பாரிக் காணொளியை வன்தட்டிலிருந்து முதல் நிமிடம் தொட்டுக் கடைசி நிமிடம் வரை ஓட்டிக் காட்டினேன். 38 நிமிடம். அவர் இடையில் எழுந்திருக்கவில்லை.