தறி ஓடும் வீட்டுக்கு ஒரு கேமிங் கணினி: ஐந்து ரோட்டுக் கடை அனுபவம்

கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைப்பேன். சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்னக் கடை. பட்ஜெட் எவ்வளவு என்பதற்கு முன்பே, "வீடு எந்தப் பக்கம் தம்பி? பக்கத்துல தறி ஓடுதா? கரண்ட்டு எப்படி?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன். எங்கள் வீடு அம்மாப்பேட்டை. கீழே விசைத்தறி, மேலே குடியிருப்பு. என் அறை தறிக்கூடத்துக்கு நேர் மேலே. இதைச் சொன்னதும் அவர் கிராபிக்ஸ் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, கேபினெட், பவர் சப்ளை, ஸ்டோரேஜ் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். இன்று அந்தக் கணினியில் தினமும் விளையாடுகிறேன், வீடியோ வெட்டுகிறேன். அந்த வரிசைதான் சரி என்று எனக்குத் திடமாகத் தெரிகிறது.

சேர்த்தது இதுதான்: ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 1 டிபி டபிள்யூடி பிளாக் எஸ்என்770 எஸ்எஸ்டி (சுழலும் வட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்), 650 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் வலை போட்ட கேபினெட். மானிட்டர் நீங்கலாக 80,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 18 சதவீத ஜிஎஸ்டியோடு முறையான பில்.

ஸ்டோரேஜிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் வாங்குவது அதைத்தான். 256 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க் என்ற ஜோடியை இன்னமும் பல கடைகள் "கேமிங் பேக்கேஜ்" என்று போட்டு விற்கின்றன. கணக்குப் போட்டால் அது கட்டுபடியாகாது. ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும். விண்டோஸ், அதன் அப்டேட்டுகள் எல்லாம் போனால் 256இல் அந்த ஒரு விளையாட்டுக்கே இடம் முட்டும். சரி, ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்றால், சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டு 2023இல் வந்த தன் 2.0 பதிப்பிலிருந்து எஸ்எஸ்டி வேண்டும் என்றே சொல்லிவிட்டது. ஆகவே குறைந்தது 1 டிபி எஸ்எஸ்டி. அதுவும் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எந்த எஸ்எஸ்டி என்பதில்தான் அண்ணனும் நானும் நிறையப் பேசினோம். சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை தரும். என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 வரை, நான்காம் தலைமுறை 7,000 தாண்டியும் போகும். எஸ்என்770இன் 1 டிபி மாடலுக்கு 5,150 என்று போட்டிருக்கிறது. சாம்சங் 990 புரோ 7,450. அட்டையில் இருக்கும் இந்த எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் விளையாட்டு திறக்கும் நேரம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்படி குறைகிறது. ஒரு நல்ல என்விஎம்இயிலிருந்து இன்னும் வேகமான என்விஎம்இக்குப் போனால் பெரும்பாலான விளையாட்டுகளில் ஓரிரு விநாடி கூட மாறாது.

அண்ணன் டிபிடபிள்யூ எண்ணை அழுத்திச் சொன்னார். அதாவது டிரைவின் ஆயுளில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி தரும் உத்தரவாதம். எஸ்என்770இன் 1 டிபிக்கு அது 600, குருஷியல் பி3 பிளஸ் 1 டிபிக்கு 220. இதில் எனக்கு வேறு கருத்து. தினம் 50 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 18 டெராபைட்தான் ஆகும். 220ஐத் தொடவே 12 வருடம் பிடிக்கும். நான் எஸ்என்770ஐ எடுத்ததற்குக் காரணம் அது டிஎல்சி, மற்றது கியூஎல்சி. ஒரு செல்லில் டிஎல்சி மூன்று பிட் வைப்பதற்கும் கியூஎல்சி நான்கு பிட் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், பெரிய கோப்பை எழுதும்போதுதான் வெளியே வரும். கியூஎல்சி டிரைவ் முதலில் ஒரு வேகமான பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பகுதி நிரம்பியதும், மலிவான பல டிரைவ்களில் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழுந்துவிடும். நான் விளையாட்டைப் பதிவு செய்து வைப்பவன். 50 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 22 ஜிபிக்கு மேல் வரும். இரவு முழுக்கப் பதிவு செய்ததை இடம் மாற்றும்போது எழுதும் வேகம் எனக்கு முக்கியம். விளையாட மட்டும்தான் கணினி என்பவர்களுக்குக் கியூஎல்சி தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் 2 டிபி கிடைத்தால் அதுவே மேல்.

மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வடிவ எஸ்எஸ்டியை அண்ணன் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பபிள்கம் பட்டை நீளம்தான் இருக்கிறது. சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்திப் படுக்க வைத்து, அரிசி அளவுத் திருகாணியால் இறுக்கினார். மேலே மூடும் ஹீட்சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அடியில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் தாள். அதை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்தெடுத்து என் கையில் கொடுத்தார். "இதை உரிக்காம மாட்டின மெஷின் எத்தனையோ இங்க வருது தம்பி. சூடு ஹீட்சிங்க்குக்கு ஏறவே ஏறாது, டிரைவ் தானா வேகத்தைக் குறைச்சுக்கும்" என்றார். வீட்டிலேயே சேர்ப்பவர்கள் இந்தத் தாளைத் தேடிப் பிடித்து உரியுங்கள்.

அப்புறம் என் பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க். அதைப் புதுக் கேபினெட்டுக்குள் போட அவர் சம்மதிக்கவே இல்லை. காரணம் தறி. ஹார்டு டிஸ்க்கில் வட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். தரவுத் தடங்கள் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கும் அளவுக்கு நெருக்கம். தரை அதிர்ந்தால் படிக்கும் முனை தடத்தை விட்டு விலகும், மறுபடி காத்திருந்து படிக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், 2008 கடைசியில், டிஸ்க் அடுக்குகளுக்கு முன்னால் நின்று உரக்கக் கத்தியே அவற்றைத் தாமதப்படுத்திக் காட்டினார். வரைபடத்தில் கோடு அப்படியே எகிறியது. வெறும் குரலுக்கே அப்படி என்றால், காலையிலிருந்து ராத்திரி வரை நாடா அடிக்கும் தறிக்கு மேல் மாடியில் என்ன ஆகும்? எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டுத் தரச் சொன்னேன். இப்போது அது பீரோவில் இருக்கிறது. தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து, பதிவுகளையும் அப்பாவின் கணக்குக் கோப்புகளையும் அதில் நகல் எடுத்து வைக்கிறேன். அந்த வேலைக்கு ஹார்டு டிஸ்க்கை மிஞ்ச எதுவும் இல்லை.

பவர் சப்ளைக்கு வருவோம். இதற்கு முன் நான் விசாரித்த வேறொரு கடையில் கேபினெட்டோடு சேர்த்தே 500 வாட் என்று போட்ட ஒன்றைக் காட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 17 ஆம்பியர். பெருக்கினால் 204 வாட். பிராசசரும் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான், மீதி எண்களால் பிரயோஜனமில்லை. நான் வாங்கிய 650 வாட்டில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், கிட்டத்தட்ட முழு 650ம் அங்கேயே கிடைக்கும். என் கணினி முழு மூச்சில் 300 வாட்டைத் தாண்டுவதில்லை. 4060 கார்டு 115 வாட்தான். ஆகவே வாட் எண்ணைப் பார்த்து மயங்காமல் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

தறி ஸ்டார்ட் ஆகும்போது எங்கள் வீட்டு விளக்கு ஒருமுறை மங்கி எழும். நல்ல பவர் சப்ளை அந்த நொடிப்பொழுதைத் தாங்கும். மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யுபிஎஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மாறும் இடைவெளி அதிகம், விளக்கும் ஃபேனும் தப்பிக்கும், கணினி அணைந்துவிடும். அந்தப் பொத்தானை மாற்றிய பிறகு எனக்கு ஆட்டம் பாதியில் போகவில்லை. கூடவே பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும் வீடுகள் பழைய அம்மாப்பேட்டையில் இன்னும் இருக்கின்றன.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்தான் எனக்குப் பிடித்திருந்தது. அழகுதான். ஆனால் சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலுக்குக் காற்று உள்ளே போக வழி வேண்டும். அறை ஐந்து டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய ஐந்து டிகிரி ஏறும், இதற்கு எந்த ஃபேனும் மாற்று இல்லை. வலை போட்டதை எடுத்து, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்று அண்ணன் அமைத்தார். உள்ளே போகும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகளில் தூசி நுழையாது, எல்லாம் வடிகட்டி வழியாகவே வரும். அந்த வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றினால் தறிப் பஞ்சு ஒரு கம்பளி மாதிரி படிந்திருக்கும். குழாயில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். உள்ளே புளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும். பிராசசரோடு வரும் கூலரே போதும் என்றுதான் பலர் சொல்கிறார்கள். எங்கள் மாடி ஓட்டு வீடு என்பதால் தனிக் கூலர் போட்டேன், கோடை மதியத்தில் அந்தச் செலவின் அருமை தெரிந்தது.

கார்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1080பி மானிட்டருக்கு 4060 நிறைவாக ஓடுகிறது. 8 ஜிபி மெமரி புது விளையாட்டுகளில் உச்ச அமைப்பு வைத்தால் திணறும், டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத் தரம்) ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதிக மெமரி உள்ள கார்டைப் பாருங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பனும் இதே கடையில்தான் சேர்த்தான். அவனுக்கு அண்ணன் எழுதிய பட்டியல் வேறு. மலையில் சூடும் பஞ்சும் பிரச்சினையே இல்லை, கூடுதல் கூலர் வேண்டாம் என்றுவிட்டார். அங்கே இடியும் ஈரமும்தான். சர்ஜ் (மின்னழுத்தம் திடீரென எகிறுவது) தடுக்கும் பிளக் பலகை, இடி முழங்கினால் மின் பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றி வைப்பது, பனிக்காலத்தில் நாள் கணக்கில் மூடி வைக்காமல் தினம் சிறிது நேரமாவது ஓட விடுவது. ஒரே பணம், ஒரே கார்டு, வேறு கணினி.

குறையும் உண்டு. டெலிவரிக்குச் சொன்ன தேதி தள்ளிப் போனது, கேட்டால்தான் பதில் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் 6000 வேக ராம் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை அவர்கள் இயக்கவே இல்லை. நானே இயக்கினேன். இயக்கியதும் திரை சில நிமிடம் கருப்பாகவே நிற்கும், ராமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து ஸ்விட்சை அணைக்கக் கூடாது. இவ்வளவு விவரமாகக் கேள்வி கேட்கும் கடை இதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும், அதை அண்ணனிடமே சொன்னேன். வாலரண்ட் விளையாடுபவர்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் இயங்குகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 7600 பிராசசருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், கார்டு சும்மா கிடக்கும்.

ஆன்லைனில் இதைவிடச் சில ஆயிரம் குறைவாகக் கிடைத்திருக்கும். ஆனால் இங்கே பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதிக் கொடுத்தார்கள், வாரண்டிக்கு அவர்களே அனுப்பி வாங்கித் தருகிறார்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. இப்போது சேர்ப்பவர்கள் 8 ஜிபி ராம் இரண்டு, மொத்தம் 16 ஜிபி என்றே தொடங்கலாம். பிறகு இன்னொரு எஸ்எஸ்டி சேர்க்க மதர்போர்டில் இரண்டாவது எம்.2 இடம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சில போர்டுகளில் அதை நிரப்பினால் ஒரு சாட்டா துளை செயலிழக்கும், கையேட்டில் எழுதியிருப்பார்கள். கடைக்குப் போவதானால் வார நாளில் காலையில் போங்கள். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், அண்ணனால் நின்று பேச முடியாது.