இணைத்த தாளில் வெற்றுக்கலம்: எண் வடிவமா, இஃப் சூத்திரமா?

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் கணக்கை எக்செலில் எழுதி, தினத்தாளை மாதத்தாளோடு இணைத்தால், மழையால் பால்வெட்டு நடக்காத நாளின் வெற்றுக்கலம் அங்கே 0 என்று வந்து நிற்கும். அதை மறைக்க 0;-0;;@ என்ற எண் வடிவம் (நம்பர் ஃபார்மட்) போதும். ஆனால் மறைந்த பூஜ்யம் கலத்துக்குள் அப்படியே இருப்பதால், 20, 22 கிலோ கிடைத்த இரு நாட்களோடு வெட்டாத ஒரு நாளும் சேர்ந்து, ஆவரேஜ் 21 என்பதற்குப் பதிலாக 14 என்று காட்டும். தோட்டக்காரருக்கு இது அநியாயமான கணக்கு. தினத்தாளின் மூலக்கலம் வெறுமையாக இருந்தால் "" (வெற்று உரை) என்று விடை தரும் இஃப் (IF) சூத்திரம், சராசரியைக் காப்பதோடு, வெட்டியும் பால் கிடைக்காத நாளின் உண்மையான 0-வையும் மறைக்காமல் காட்டுகிறது. அந்தக் கலங்களைக் கூட்டல் குறியிட்டுக் கூட்டினால் வேல்யூ (#VALUE!) பிழை வரும். சம் (SUM) சூத்திரத்தில் வராது. மொத்தம் மட்டும் வேண்டிய தாளுக்கு எண் வடிவம் எளிது. சராசரி எடுக்கும் தாளுக்கு இஃப்பையே வற்புறுத்துவேன்.