மேற்குத் தொடர்ச்சி மலையில் எதை முதலில் காப்பது: காட்கில் அறிக்கையும் கஸ்தூரிரங்கன் அறிக்கையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பகுதிக்கு முதலில் பாதுகாப்பு தருவது என்ற கேள்விக்கு, மத்திய அரசு அமைத்த இரு குழுக்கள் இரண்டே ஆண்டு இடைவெளியில் இருவேறு விடைகளைத் தந்தன. 2011இல் மாதவ் காட்கில் குழு மலைத்தொடர் முழுவதையும் சூழல் கூருணர்வுப் பகுதியாக (எளிதில் சிதையக்கூடியது என்பதால் தனிக் கட்டுப்பாடு தேவைப்படும் நிலமாக) கொண்டு, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஓரிடவாழ் தாவரங்கள் (குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டுமே வளர்பவை), காட்டுப் பரப்பு, உயரம், சரிவு போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டு மூன்று மண்டலங்களாக வகுத்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழுவோ செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இயற்கை நிலத்தையும் ஊர், வயல், தோட்டம் அடங்கிய நிலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, மொத்தப் பரப்பில் சுமார் 37 விழுக்காட்டுக்குக் கடும் கட்டுப்பாடு போதும் என்றது.

இந்தப் பிரிவினைதான் எனக்கு நெருடுகிறது. வால்பாறையின் புதுத்தோட்டம் எஸ்டேட்டில், தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காட்டுத் துண்டில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) கூட்டமாக வாழ்கின்றன. அவை சாலையைக் கடக்க மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. உலகில் இம்மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது. காடு துண்டுபட்டிருப்பதையும் மக்கள் நெருக்கத்தையும் குறையாகக் கணக்கிடும் கஸ்தூரிரங்கன் குழுவின் அளவுகோலில் இத்தகைய இடம் பின்தங்கிவிடும். காட்கிலின் கட்டமும் குறையற்றதன்று. சோலையும் கடைவீதியும் ஒரே கட்டத்தில் விழுந்தால் ஒரே மண்டலமாகிவிடும். ஆயினும் இறுதி எல்லையைக் கிராம சபைகளுடன் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று அக்குழுவே சொல்லியிருந்தது. அதைப் படிக்காமலே எதிர்த்தவர்கள் பலர் என்பது தனிக் கதை.

நடைமுறையில் கஸ்தூரிரங்கன் வழிக்கு ஒரு வசதி உண்டு. பரப்பில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ கூருணர்வு நிலமாக உள்ள கிராமம் முழுவதும் பட்டியலில் சேரும் என்பதால், எந்த நிலத்துக்குக் கட்டுப்பாடு என்பது வருவாய்த் துறையினருக்கு உடனே விளங்கும். அப்படியிருந்தும், சுமார் 56,800 சதுர கிலோமீட்டருக்கான அறிவிக்கை 2014 முதல் 2024 ஜூலைக்குள் ஆறு முறை வரைவாகவே வெளிவந்தது. பரப்பைச் சுருக்கியதால் எதிர்ப்பு அடங்கிவிடவில்லை.

ஆகவே முன்னுரிமை வரிசைக்குக் காட்கிலின் மதிப்பெண்ணையும், சட்ட எல்லைக்குக் கிராம அலகையும் நான் எடுத்துக்கொள்வேன். புதுத்தோட்டம் போன்ற தனியார் காட்டுத் துண்டுகளை இரண்டிலும் திணிக்காமல், எஸ்டேட் உரிமையாளர்களோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டுக் காப்பதே பொருத்தம்.